உட்கார வைத்துச் சோறு போடுதல்

ஒரு மகனைப் பற்றி ஊர் சொல்லும் ஆகப்பெரிய பாராட்டு, "பெத்தவளை உக்கார வச்சு சோறு போடுறான்" என்பது. மகள் போட்டால் அது பாராட்டில் சேராது, கடமையில் சேரும். அதைத் தனியாக எழுத வேண்டும். இப்போது மகன் அமெரிக்காவிலும் மகள் பெங்களூரிலும் இருக்கிற வீடுகளுக்காக அதே வேலையை மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு முதியோர் இல்லங்கள் செய்கின்றன. விளம்பரங்களைப் பாருங்கள். வெள்ளைத் தலை அம்மா ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், சீருடை அணிந்த இளம்பெண் குனிந்து எதையோ ஊட்டுவாள், கீழே "உங்கள் அம்மா இனி எதற்கும் எழ வேண்டியதில்லை" என்ற தொனியில் ஒரு வரி இருக்கும். எழ வேண்டியதில்லை என்பதைத்தான் விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் நிம்மதியாக வாங்குகிறார்கள்.

அந்தப் பாராட்டில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. உட்கார வைப்பது ஒன்று, சோறு போடுவது ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்துதான் இல்லங்களில் இருக்கும் முதிய பெண்களை நடக்க முடியாதவர்களாக ஆக்குகின்றன என்கிறேன். வயதின்மேல் பழி போடுவது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

முதுமையில் தசை கரைவதற்கு மருத்துவத்தில் சார்கோபீனியா என்று பெயர். 1988இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உண்டாக்கியது. சார்க்ஸ் என்றால் ஊன், பீனியா என்றால் வறுமை. ஊன்வறுமை என்று தமிழில் சொன்னால் வகுப்பில் மாணவிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இத்தனை பேருக்கு நேர்கிற ஒன்றை ஏன் யாரும் பொருட்படுத்தவில்லை, ஒருவேளை அதற்குப் பெயர் இல்லாததாலோ என்று யோசித்துத்தான் அவர் பெயர் வைத்தார். அமெரிக்க நோய்ப் பட்டியலில் அதற்கெனத் தனிக் குறியீடு கிடைக்க 2016 ஆகிவிட்டது. நம் ஊரில் அதற்கு இன்னும் "வயசாச்சுல்ல" என்றே பெயர்.

பெண்ணுக்குத் தொடக்கத்திலேயே ஆணைவிடத் தசை குறைவு. நடுவயதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்குவது, மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் இறங்குவதால் இன்னும் வேகம் பிடிக்கிறது. நாற்பதுகளில் இருக்கும் எனக்கு இது செய்தித்தாள் தகவல் அல்ல. பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவனுக்கு எல்லாம் செய்து அனுப்பிவிட்டு, தனக்குச் செய்ய ஆளில்லாமல் இல்லத்துக்கு வந்து சேர்கிறவள் அவள்தான். நான் அடிக்கடி போகும் இல்லத்தில் 31 பேரில் 24 பேர் பெண்கள்.

அந்த இல்லம் கோவைக்கு வெளியே இருக்கிறது. என் பெரியம்மா அங்கேதான் இருக்கிறார். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக 34 ஆண்டுகள் கரும்பலகை முன்னால் நின்றவர். தன் ஓய்வூதியத்திலிருந்து தானே கட்டணம் கட்டுகிறார். ஜூனில் சேர்ந்தபோது தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினார். பொங்கலுக்கு நான் போனபோது அவரை நாற்காலியிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. இடையில் அவருக்குப் பக்கவாதம் வரவில்லை, எலும்பு முறியவில்லை, ஒரு காய்ச்சல்கூட இல்லை.

நடந்தது என்னவென்று தேதிவாரியாக விசாரித்தேன். ஆகஸ்டில் வேறொரு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். மறுநாளே, துணையில்லாமல் யாரும் எழக்கூடாது என்று விதி போட்டுவிட்டார்கள். துணைக்குக் கூப்பிட்டால் "இதோ வரேன் டீச்சரம்மா" என்று குரல் வரும், ஆள் வர அரைமணி நேரம் ஆகும். அதனால் இரவுக்கு மட்டும் என்று டயப்பர் கட்டினார்கள். தீபாவளிக்குள் அது பகலுக்கும் வந்துவிட்டது. அவருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் இல்லை; எழுந்து போக அனுமதிதான் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு வீல்சேர். துணி மடிக்க வேண்டாம், தட்டுக் கழுவ வேண்டாம், பூ பறிக்கப் போக வேண்டாம். முடி பராமரிக்கச் சிரமம் என்று கிராப் வெட்டிவிட்டார்கள். நைட்டி எல்லோருக்கும் ஒரே மாதிரி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான்கடி, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு நான்கடி. அவர் நாளெல்லாம் நடந்தது அவ்வளவுதான்.

"எந்திரிச்சா வையறாங்க அம்மிணி. அதுக்கு உக்காந்துட்டே இருந்தரலாம்னு இருக்குது" என்றார். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளைப் பார்த்து எழுந்திரு, உட்கார் என்று சொன்னவர்.

மேலாளரிடம் கேட்டேன். "நாங்க சேர்த்துக்கிட்ட நாள்ல இருந்து அம்மாவ ஒரு தடவகூட விழ விடலைங்க மேடம்" என்றார். பெருமையாகவே சொன்னார். உண்மையும்கூட. நிற்காதவள் எப்படி விழுவாள்?

வேறோர் இல்லத்தில், எழுந்துவிடக்கூடாது என்று துப்பட்டாவால் நாற்காலியோடு இடுப்பைச் சேர்த்துக் கட்டிவைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். கட்டியவள் கொடுமைக்காரி அல்ல. அங்கே இரவில் இருப்பவர்கள் இரண்டே பெண்கள், பன்னிரண்டு மணி நேர வேலை. "ஒருத்தர பாத்ரூம் கூட்டிட்டுப் போயிட்டு வர இருவது நிமிசம் ஆகுதுங்க்கா. அதுக்குள்ள நாலு பேர் கூப்புட்டுருவாங்க. டயப்பர்னா அஞ்சு நிமிசம்" என்றாள் ஒருத்தி. அவளுடைய முதுகைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிலேயே அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறாள். ஆள் குறைவாக வைத்து மிச்சப்படுத்தும் பணம், ஒருபுறம் கிழவியின் தொடையிலிருந்தும் மறுபுறம் இவளுடைய இடுப்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. இந்தக் கட்டுரையை வைத்து யாராவது போய் அந்தப் பெண்களைத் திட்டினால் நான் சொல்வது எதுவும் புரியவில்லை என்று அர்த்தம்.

முதுமை இரண்டாம் குழந்தைப் பருவம் என்று மேடையில் உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தை தொட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றால் கைதட்டுகிறோம். கிழவி எழுந்து நின்றால் கத்துகிறோம்.

சரி, எல்லாம் வயதினால்தான் என்போருக்கு இரண்டு செய்திகள். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. நோய் இல்லை, காயம் இல்லை, படுத்திருந்ததுதான் காரணம். என் பெரியம்மா ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது இதைவிடப் பழையது. மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1990இல் வெளியிட்டது. பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேர். வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம், காலால் எடையைத் தூக்கும் பயிற்சி. ஒப்புக்குக் கையை ஆட்டுவது அல்ல, அவரவர் தூக்க முடிந்ததில் பெரும்பகுதியைத் தூக்குவது. முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியைக் கைவிட்டார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் எழுந்தார். பயிற்சியை நிறுத்தி நான்கு வாரம் ஆனதும் அந்த வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 1994இல் அதே குழு நூறு பேரிடம் செய்து பார்த்தது. சராசரி வயது 87, அவர்களில் 63 பேர் பெண்கள். பத்து வாரத்தில் வலு இரண்டு மடங்கானது. நடை வேகம் கூடியது. பயிற்சி இல்லாமல் சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் இல்லை. டப்பா டப்பாவாகச் சத்துமாவு வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் பிள்ளைகள் அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

இது முப்பது வருடத்துக்கு மேல் பழைய அறிவு. தொண்ணூறு வயதுக்காரியின் தசை வளரும் என்று தெரிந்த பிறகும் அவளை உட்கார வைக்கிறோம் என்றால், அது அறியாமையில்லை. அவள் நடந்து எங்கே போகப்போகிறாள் என்ற எண்ணம்தான்.

இனி சோறு. நான் போகும் இல்லத்தில் காலையில் இரண்டு இட்லி, தண்ணீராகச் சாம்பார். பதினோரு மணிக்கு டீ, இரண்டு பிஸ்கட். மதியம் குழைந்த சோறு, சாம்பார், ரசம், ஒரு கரண்டிக் காய், மோர். சாயங்காலம் மறுபடி டீ. ஆறரை மணிக்கே இரவுச் சாப்பாடு: ரவை உப்புமாவோ கஞ்சியோ. அதற்கப்புறம் மறுநாள் காலைவரை எதுவும் கிடையாது. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை புரதம் வேண்டும் என்பது இப்போது நிபுணர்கள் சொல்லும் அளவு. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 45 முதல் 54 கிராம். மேலே சொன்ன தட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். முப்பதைத் தாண்டவில்லை. வயிறு நிறைந்துவிடுகிறது, அதனால் யாரும் புகார் சொல்வதில்லை.

ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. பல்செட் கழன்றவர்கூடச் சாப்பிடலாம். தமிழ்நாட்டில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்குப் பள்ளி நாட்களில் தினம் ஒரு முட்டை உண்டு. அதற்காக எத்தனை வருடம் பேசினோம், எத்தனை பேர் அதை எதிர்த்தார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக் கொடுத்த டீச்சருக்கு, இல்லத்தில் முட்டை கிடையாது. காரணம், இல்லம் "சுத்த சைவம்". கோவைப் பக்கத்து இல்ல விளம்பரங்களில் இந்தச் சொல்லைப் பெருமையாகப் போடுகிறார்கள். சுத்தம் என்ற சொல் நம் சமூகத்தில் எந்த வாசல் வழியாக வருகிறது என்று இந்தத் தொகுப்பின் வாசகிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வாழ்நாளெல்லாம் மீனும் முட்டையும் சாப்பிட்டவள், எண்பது வயதில் இன்னொரு சாதியின் சமையலறைக்குள் அடைக்கப்படுகிறாள். அதற்கு அவளே பணமும் கட்டுகிறாள். சைவம் என்றால் சைவமாகவாவது கெட்டிப் பருப்பு, தயிர், பன்னீர், மசித்த கொண்டைக்கடலை எல்லாம் தட்டுக்கு வர வேண்டுமே! வருவது ரசம்.

அவள் இல்லத்துக்குள் நுழையும்போதே கடனோடுதான் வருகிறாள். கடைசியாகச் சாப்பிட்டவள். கறிக்குழம்பில் எல்லோருக்கும் துண்டு போட்டுவிட்டுச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்றவள். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இன்றைய அந்த இளம்பெண்கள்தான் நாளைக்கு இல்லங்களுக்குப் போகப்போகிறவர்கள். கணவனை இழந்தவளுக்குச் சோற்றைக் குறைப்பது நமக்கு இரண்டாயிரம் வருடப் பழக்கம். புறநானூற்றின் 248ஆம் பாட்டில் வேளை தப்பி அல்லி அரிசி உண்ணும் கைம்பெண்ணை ஒக்கூர் மாசாத்தனார் காட்டுகிறார். இளமையில் தழையாடையாக இருந்த அதே ஆம்பல் இப்போது உணவு. ஆறரை மணிக் கஞ்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டு நினைவுக்கு வருகிறது.

புறநானூற்றைத் தொட்டுவிட்டேன், இன்னும் கொஞ்சம். 243ஆம் பாட்டில் தடியூன்றிய கிழவர் தன் இளமையைத் தானே சொல்கிறார்: மரத்தின் மேலிருந்து மடுவில் குதித்தது, அடிமணலை அள்ளிவந்து காட்டியது. உடம்பு போனதை நினைத்து இரங்க அவருக்கு உரிமை இருக்கிறது. 278ஆம் பாட்டில் வரும் கிழவிக்கு நரம்பு புடைத்துத் தோள் வற்றியிருக்கிறது. அந்தத் தோளோடுதான் அவள் வாளை எடுத்துக்கொண்டு போர்க்களம் போகிறாள், மகனைத் தேடிப் பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் எழுதியது. வீரத்தாய் என்று வகுப்பறைகளில் நூறு வருடமாக மெய்சிலிர்க்கிறார்கள். ஒரு பிணத்தைப் புரட்ட எவ்வளவு வலு வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. மகனுக்காக என்றால் கிழவிக்கு வலு இருக்கலாம். தனக்காகக் கழிப்பறைக்கு நடக்க அந்த வலு தேவைப்படும்போதுதான் துணைக்கு ஆள் வேண்டும், விதி வேண்டும், டயப்பர் வேண்டும். இத்தனைக்கும் தமிழின் ஆகப் புகழ்பெற்ற கிழவி ஒரு நடைக்காரி. மெரினாவில் ஔவை தடியோடு நின்றுகொண்டிருக்கிறாள். அங்கே அவளை உட்கார வைத்துச் செதுக்கவில்லை.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது எத்தனை கூச்சல்! பெண் தன் உடம்பை எழுதக்கூடாது என்றார்கள். எழுதினோம். முலை, யோனி, கருப்பை, தீட்டு, காமம் எல்லாம் கவிதைக்குள் வந்தன. தொடைத் தசைக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. அதில் அழகும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. ஆனால் எண்பது வயதில் பெண்ணின் சுதந்திரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அந்தரங்கம் என்பது ஒரு கதவைத் தானே எழுந்து போய்த் தாழிட முடிவதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. மாவட்டத்துக்கு ஓர் இல்லம், குறைந்தது 150 ஏழை முதியவர்களுக்கு இடம் என்று பிரிவு 19 சொல்கிறது. அந்த இல்லங்களில் தரவேண்டிய சேவைகளின் தரத்தை வகுக்கலாம் என்றும் சொல்கிறது. எதற்கான சேவைகள்? மருத்துவக் கவனிப்பு, பொழுதுபோக்கு. அந்த இரண்டைத்தான் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆக, சட்டத்தின் பார்வையில் முதியவர் ஒன்று நோயாளி, இல்லையென்றால் டிவி பார்ப்பவர். இல்லங்களும் சட்டத்தை அப்படியே பின்பற்றுகின்றன. கூடத்தில் காலை ஒன்பது மணிக்குச் சீரியல் மறுஒளிபரப்பு தொடங்கினால் இரவுவரை ஓடுகிறது.

விழுந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான பயம். எலும்பு தேய்ந்த பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அதோடு படுக்கைதான், சில சமயம் உயிரும் போகும். ஆனால் விழவைப்பதே வலுவில்லாத கால்தான். உட்கார வைத்து வைத்து அந்தக் காலை உருவாக்கிவிட்டு, அந்தக் காலைக் காரணம் காட்டியே மறுபடி உட்கார வைக்கிறோம். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, இரவில் ஒரு விளக்கு, கூடுதலாக ஒரு ஆள். இவற்றுக்குச் செலவாகும். டயப்பர் செலவைக் குடும்பத்தின் பில்லில் சேர்த்துவிடலாம், ஆள் செலவை இல்லம் ஏற்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். மறதி நோய் முற்றியவர்கள், இதயம் பழுதானவர்கள், மூட்டு முழுதாகத் தேய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பயிற்சி, எவ்வளவு என்பதை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சொல்லட்டும். யாருக்கும் எதுவும் வேண்டாம் என்பதை மேலாளர் முடிவு செய்யக்கூடாது.

இன்னொரு கூட்டம் உண்டு. அம்மியும் ஆட்டுக்கல்லும் அரைத்தவளுக்கு எதற்கு ஜிம் என்பவர்கள். அது உடற்பயிற்சி அல்ல, உழைப்பு. பசியோடும் தூக்கமில்லாமலும் செய்தது, தேய்த்தது, வளர்க்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு லிட்டர் குடத்தை இடுப்பில் வைத்துத் தெருக்கோடியிலிருந்து வந்தவளிடம், அரைக்கிலோ எடையைக் காலில் கட்டினால் ஆபத்து என்று சொல்ல நமக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

அடுத்த முறை அம்மாவையோ அத்தையையோ பாட்டியையோ பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸ் வேண்டாம். தையல் இஞ்ச்டேப் ஒன்று எடுத்துப் போங்கள். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு எடுங்கள். கால் வீங்கியிருந்தால் அளவு ஏமாற்றும், கவனம். ஆசிய மருத்துவர் குழு 2019இல் சொன்ன கணக்கில், பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் சந்தேகப்பட வேண்டும். முடிந்தவரைக் கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவலைப்பட வேண்டிய விஷயம். ஒருமுறைகூட எழ முடியாவிட்டால், கடைசியாக எப்போது தானாக எழுந்தார் என்று அவரிடமே கேளுங்கள், பணியாளரிடம் அல்ல. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அலுவலக அறைக்குப் போய், இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள், அவர்களுக்கு எத்தனை மணி நேர வேலை, பிசியோதெரபிஸ்ட் வாரம் எத்தனை நாள் வருகிறார், வந்து எடை தூக்க வைக்கிறாரா அல்லது காலைப் பிடித்துவிட்டுப் போகிறாரா, டயப்பரை யார் சொல்லி ஆரம்பித்தார்கள், என்றைக்கு நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். மேலாளர் உங்களை உட்காரச் சொல்வார். நின்றுகொண்டே கேளுங்கள். பதில் இழுத்தால் சமையலறைப் பக்கம் நடந்துபோய், முட்டை அட்டை ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.